பெங்களூரு மெட்ரோ: கே.ஆர்.புரம் டூ எலக்ட்ரானிக் சிட்டி

குப்பம் பக்கத்துலேர்ந்து வேலைக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு பெங்களூரு போற நம்மாளுங்க நிறைய பேர், அவங்களுக்காகத்தான் இந்த ரிவ்யூ. ரயில்ல வந்து கே.ஆர்.புரத்துல இறங்கினா நடக்குற தூரத்துலயே மெட்ரோ, ரொம்ப சவுகரியம், பெட்டி சுத்தமா இருக்கு, ஏசியும் நல்லா வருது. ஆனா எலக்ட்ரானிக் சிட்டி போகணும்னா பர்ப்பிள் லைன்ல மெஜஸ்டிக் வரைக்கும் போய், அங்க கிரீன் லைன் மாறி, ஆர்.வி.ரோட்டுல திரும்ப இறங்கி யெல்லோ லைன் புடிக்கணும், ஊருக்கு மேற்கால போயிட்டு மறுபடியும் கிழக்கால வரணும். காலைல மெஜஸ்டிக் எஸ்கலேட்டர்கிட்ட டிபன் கேரியரும் பையுமா நிக்கிற கூட்டத்துல வயசானவங்கள கூட்டிட்டுப் போனா கைய விடவே கூடாது.

2025 ஆகஸ்ட்ல யெல்லோ லைன் திறந்தது பெரிய விஷயம்தான், ஓசூர் ரோடு டிராஃபிக் தெரிஞ்சவங்களுக்கு அது புரியும். இப்போ கே.ஆர்.புரத்துலேர்ந்து அவுட்டர் ரிங் ரோடு வழியா கட்டிட்டு இருக்கற ப்ளூ லைன் சில்க் போர்டுல யெல்லோ லைனோட சேர்ந்தாத்தான் இந்த சுத்து தீரும், ஒரே ஒரு மாத்தல்தான் அப்புறம். கண்டிப்பா வேணுங்க இந்த இணைப்பு, சீக்கிரமாவும் வேணும். அதுவரைக்கும் பெரிய லக்கேஜ் இருந்தா கே.ஆர்.புரம் பக்கத்துல இருக்கற டின் ஃபேக்டரி பஸ் ஸ்டாப்புல சில்க் போர்டு பஸ் ஏறி, அங்க யெல்லோ லைன் புடிச்சிடுங்க.