தீப்பெட்டி அளவில் ஓர் அணுக்கடிகாரம்

கடலடி நிலநடுக்கப் பதிவுக் கருவிகளுக்கு நேரத்தைச் சரியாக வைப்பது என் வேலை. தண்ணீருக்கடியில் சரியான நேரம் தரும் ஜிபிஎஸ் சிக்னல் எட்டாது; கருவி மாதக்கணக்கில் தன் கடிகாரத்தை மட்டுமே நம்பிக் கிடக்கும். அதற்காக வாங்கியதுதான் இந்தச் சிப் அளவு சீசியம் கடிகாரம்.

எனக்கு மிகவும் பிடித்தது உள்ளே நடக்கும் வேலைதான். மிகச் சிறிய கூட்டில் சீசியம் ஆவி, அதன் வழியே 894 நானோமீட்டர் லேசர். பழைய அணுக்கடிகாரங்களுக்கு வேண்டிய மைக்ரோவேவ் குழி (நுண்ணலையை அடைத்துவைக்கும் உலோக அறை) இதில் இல்லை. லேசரையே 4.6 கிகாஹெர்ட்ஸில் பண்பேற்றினால் (அந்த வேகத்தில் ஏற்றி இறக்கினால்), அதன் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் தோன்றும் இரண்டு பக்கப்பட்டைகளுக்கு இடையே 9.192 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி வந்துவிடுகிறது; சீசியம் அணுவின் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான அதிர்வெண் இதுதான். சரியாக அங்கே அணுக்கள் ஒளியை உறிஞ்சுவது குறையும். கடிகாரம் அந்த அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு நேரத்தை எண்ணும். அழகான தந்திரம்!

35 கிராம் எடை, சுமார் 120 மில்லிவாட் மின்சாரம். சூடேற்றிய குவார்ட்ஸ் அலையியற்றி (ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் படிகக் கடிகாரம்) இதைவிடப் பலமடங்கு தின்னும். பேட்டரியில் ஓடும் கருவிக்கு இதுவே போதுமான காரணம்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. விலை கடுமை. வயதாக ஆக அதிர்வெண் மெல்ல நகரும், ஒரு மாதத்தில் மில்லிவினாடி அளவுக்குப் பிழை சேரலாம். கருவியை இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆகவேண்டும். கையேடும் வறட்சி, கணினியிலிருந்து கம்பி வழியே அனுப்பும் சீரியல் கட்டளைகளை நாமே தடவிக் கற்க வேண்டியதுதான். ஆய்வக மேசையில் ஜிபிஎஸ் பக்கத்திலேயே இருப்பவர்கள் இதற்குப் பணம் கொட்ட வேண்டாம். அடுத்த கருவிக்கும் நான் இதையேதான் கேட்டிருக்கிறேன்.