கர்னல் தின்னும் மெமரியைக் கண்டுபிடிக்க: ஸ்லாப்டாப்பும் கேடம்பும்

மெமரி தீர்ந்து லினக்ஸ் சர்வர் விழும்போது, லாகில் பெரும்பாலும் ஓஓஎம் கில்லர் (மெமரி தீரும்போது ஒரு புரோசஸை, அதாவது ஓடும் நிரலை, நிறுத்தி இடம் பிடிக்கும் பகுதி) டேட்டாபேஸை நிறுத்திய செய்திதான் இருக்கும். உடனே எல்லாரும் டேட்டாபேஸின் மேல் பழி போடுவார்கள். ஓஓஎம் கில்லர் மெமரியை அதிகம் வைத்திருக்கும் புரோசஸைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட இடமோ எந்தப் புரோசஸின் கணக்கிலும் வராது. அந்த இடத்தைத் திறந்து காட்டுவதால்தான் ஸ்லாப்டாப்பை முதல் கருவியாகப் பரிந்துரைக்கிறேன்.

திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் சர்வர், தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய இரவுகளில் பேக்கிங் லிஸ்ட் அச்சாகும்போதே நின்றுபோய்க்கொண்டிருந்தது. மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில், திரும்பப் பெற முடியாத ஸ்லாப் (கர்னல் தன் சிறு ஆப்ஜெக்ட்களுக்கு ஒதுக்கும் மெமரி) அளவு நாளுக்கு நாள் ஏறியது. ஸ்லாப்டாப்பை அளவு வாரியாக அடுக்கியதும் 192 பைட் ஆப்ஜெக்ட்களுக்கான கேமலாக்-192 என்ற கேஷ் மேலே வந்து நின்றது. அதில் 1 கோடிக்கு மேல் ஆப்ஜெக்ட்கள் இருந்தன. ஒன்றுக்கு 192 பைட் என்றால் ஏறக்குறைய 2 ஜிபி. கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கும் டென்ட்ரி போன்ற கேஷ் பெருத்திருந்தால் கர்னல் அதைத் தானே விடுவித்துக்கொள்ளும் என்பதால் அவ்வளவு கவலையில்லை, இது அப்படிப்பட்டதல்ல.

ஸ்லாப்டாப்பின் குறை, எவ்வளவு போயிற்று என்று சொல்லுமே தவிர யார் எடுத்தார்கள் என்று சொல்லாது. ஒத்த அளவுள்ள கேஷ்களைக் கர்னல் ஒன்றாக இணைத்துவிடுவதும் குழப்பும். பூட் செய்யும்போது ஸ்லாப்_நோமெர்ஜ் கொடுத்தால் அவை பிரிந்து தெரியும். ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் யார் செய்தது என்று பதிவுசெய்ய, ஸ்லப்_டீபக் என்ற பூட் அமைப்பை U குறியுடன் இயக்கி, கம்பெனி விடுமுறையான ஞாயிறன்று ரீபூட் செய்த பிறகு, ஒதுக்கீடுகள் எல்லாம் நெட்வொர்க் கார்டுக்காகத் தனியாக நிறுவிய டிரைவரிலிருந்தே வந்தது தெரிந்தது. டிரைவரை மாற்றிய பின் அந்த எண்ணிக்கை ஏறவில்லை. விடுவிக்கப்படாத மெமரியைக் கர்னலின் கேமெம்லீக் வசதி தானாகத் தேடும் என்றாலும், அதற்குத் தனியாகக் கட்டிய கர்னல் வேண்டும், வேகமும் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு நான் சொல்ல மாட்டேன்.

விழுந்த பிறகு ஆராய, கர்னல் விழும்போது மெமரியின் நகலை (டம்ப்) சேமிக்கும் கேடம்ப் மிக நல்லது, ஆனால் வேலை வாங்கும். அதற்கென்று மெமரியில் ஒரு பங்கை முன்பே ஒதுக்க வேண்டும். ஓஓஎம் கில்லர் புரோசஸை மட்டும் நிறுத்தினால் கர்னல் பேனிக் ஆகாது (முழுதாக நின்றுபோகாது), டம்ப்பும் கிடைக்காது. அதற்குப் பேனிக்_ஆன்_ஓஓஎம் அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். கிராஷ் கருவியில் டம்ப்பைத் திறக்க, அதே கர்னல் பதிப்பின் டீபக் தகவலும் கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல் டம்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. புதிய சர்வர் வேலைக்கு வருமுன், கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ரெக் வழியாகக் கர்னலை வேண்டுமென்றே ஒருமுறை விழச்செய்து, டம்ப் உருவாகிறதா என்று பார்த்துவிடுங்கள்.