செஃபரோஸ் குழாயா, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜா: மலையகத்தில் எது தாக்குப்பிடிக்கும்?

குருதியின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து கலப் புடகங்களை, அதாவது கலங்கள் வெளியே விடும் நுண்ணிய சவ்வுப் பைகளை, பிரித்தெடுக்க எந்த முறை நல்லது என்று, பேராதனைப் பக்கம் ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதிவேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜை விட்டு, நுண்துளையுள்ள ஜெல் மணிகள் நிரப்பிய செஃபரோஸ் குழாயை நாங்கள் தெரிவுசெய்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் கேள்வி ட்ரான்ஸ்ஃபெரின் வாங்கியைப் பற்றியது. கல மேற்பரப்பில் நின்று இரும்பை உள்ளே எடுக்கும் புரதம் அது. முதிராத செங்குழியங்கள் வளரும்போது அந்த வாங்கியைப் புடகங்களில் ஏற்றி வெளியே தள்ளுகின்றன என்பதை 1983இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஒன்று செம்மறியாட்டுக் குருதியில், மற்றது எலியின் குருதியில். இதே வாங்கியின் வெளிப்பகுதி அறுபட்டு, தனியாகவும் குருதியில் சுற்றுகிறது. இரும்பு குறைந்தால் அது கூடும். தோட்டத்துப் பெண்களின் குருதிச்சோகையைப் பற்றி அக்கறைப்படும் எவருக்கும் இது பெரிய விஷயம். உடம்பில் அழற்சி இருந்தால், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ஏறிவிடும், இரும்புக் குறைபாடு மறைந்துபோகும். அறுபட்ட வாங்கி அப்படி எளிதில் ஏமாற்றாது. ஆகவே புடகத்தில் இருக்கும் முழு வாங்கியையும் அறுபட்ட துண்டையும் பிரித்துக் காட்டும் முறைதான் எங்களுக்கு வேண்டும். படியவைக்கும் ரசாயனக் கிட்டுகள் இரண்டையும் கலந்தே இறக்கும். அவற்றை அத்தோடு விட்டுவிட்டோம்.

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததே. 1,00,000 ஜி விசையில் (புவியீர்ப்பின் 1,00,000 மடங்கு) 70 நிமிடம், கழுவி மறுபடியும் 70 நிமிடம். நிறையக் கல வளர்ப்புத் திரவத்திலிருந்து புடகம் எடுக்க அதுவே வசதி. அந்த வேலையில் எங்களுக்கு அனுபவம் குறைவு, அதனால் அதைக் குறை சொல்லமாட்டேன். பிளாஸ்மாவில் மட்டும் அடியில் படிவதோடு வேறு புரதங்களும் சிக்கிக்கொள்கின்றன.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை தொடங்கினால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஓட்டத்தின் நடுவே போனால், குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டர் மெல்ல நிற்கும், படிந்தது கலங்கும். கரண்ட் வந்ததும் மறுபடி ஓட்டினாலும், அந்தக் குருதி மாதிரியில் பட்ட விசை நேற்று ஓட்டிய மாதிரியில் பட்டதற்குச் சமமாகாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்ததே, அப்படியான காலத்தில் அந்த இயந்திரத்தை நம்பி நோயாளியிடம் குருதி வாங்கவே மனம் வராது. ரோட்டர் ஓடிய கணக்கை எழுதிவைக்க வேண்டும், உப்புக் கரைசல் பட்டால் துடைத்துக் காயவைக்க வேண்டும், வெற்றிடப் பம்பைக் கவனிக்க வேண்டும். ஏதாவது பழுதென்றால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். உதிரிப்பாகத்துக்கு டொலர் வேண்டும்.

செஃபரோஸ் குழாயை நாமே நிரப்பலாம், நாமே திருத்தலாம். 10 மில்லிலீட்டர் ஜெல்லின் மேல் அரை மில்லிலீட்டர் பிளாஸ்மாவை விடுங்கள். அது ஜெல்லுக்குள் இறங்கி மேற்பரப்பு மினுமினுப்பை இழக்கும் அந்தக் கணத்தில் பஃபரை (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலை) ஊற்ற வேண்டும். காயவிட்டால் ஜெல்லில் வெடிப்பு விழும். பெரிய புடகங்கள் மணிகளின் துளைக்குள் நுழையாமல் முதலில் வந்துவிடும். பிளாஸ்மாவில் நிறைய இருக்கும் அல்புமின் புரதமும் அறுபட்ட வாங்கியும் துளைகளில் சுற்றிவிட்டுப் பின்னால் சொட்டும். புவியீர்ப்பே வேலை செய்கிறது, கரண்ட் தேவையில்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நுவரெலியா போன்ற குளிரான இடத்தில் காலையில் பஃபரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். அறை சூடேறியதும் குழாய்க்குள் குமிழி கட்டும். ஆகவே 0.22 மைக்ரோமீட்டர் வடியில் வடித்து, காற்றை வெளியேற்றி, அறை வெப்பத்துக்கு வந்தபிறகு ஊற்றுங்கள். வேலை முடிந்தால் 20 சதவீத எத்தனோலில், 4 பாகையில் வைக்கலாம், உறையவிடக்கூடாது. ஒரே குழாயை எத்தனை தடவை பாவிக்கலாம் என்று என்னால் உறுதியாக எண் சொல்ல முடியாது. புரதம் உறிஞ்சும் 280 நானோமீட்டர் ஒளியில் அளக்கும்போது அல்புமின் உச்சம் முன்பிருந்த இடத்தை விட்டு நகர்ந்தால் புதிதாக நிரப்புவது எங்கள் வழக்கம்.

குறையும் இருக்கிறது. சாப்பிட்டபின் எடுத்த குருதியில் கைலோமைக்ரான்கள் எனும் கொழுப்புத் துணிக்கைகள் புடக அளவிலேயே இருப்பதால் கூடவே வந்துவிடும். கொழுந்து பறிக்கப் போகுமுன் வெறும் வயிற்றில் குருதி எடுக்க முடிந்தால் நல்லது. குருதிச் சிறுதட்டுகளை 2,500 ஜியில் 15 நிமிடம் இரண்டு தடவை சுற்றி நீக்கிய பிறகே பிளாஸ்மாவை உறையவையுங்கள். இல்லாவிட்டால் உடையும் சிறுதட்டுகளே புதிய புடகங்களை உண்டாக்கும். புடகம் ஐதாகி வருவதால் செறிவாக்கும் வடியும் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைச் சேர்த்தாலும் ரோட்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கடைசியாக, வாங்கியின் வால்பகுதியைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை வாங்குங்கள். அறுபட்ட துண்டில் வால் இல்லை. முழு வாங்கியில் அது புடகத்துக்குள் இருக்கும். புடகத்தை உடைத்து, புரதங்களை அளவுப்படி பிரித்துப் பிறபொருளெதிரியால் பட்டியாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளொட் ஓட்டி, முன் துளிகளில் பட்டி தெரிகிறதா, பின் துளிகளில் இல்லையா என்று பார்த்தால், உங்கள் குழாய் சரியாகப் பிரிக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.