777 போட்ட சனிக்கிழமையும் அதற்கப்புறம் ஆறு வருஷமும்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று சொன்ன ஒரே பாவத்துக்காக, ஆபீஸில் எல்லாருக்கும் பொதுவான பைல்களை வைத்திருக்கும் உபுண்டு (லினக்ஸ்) மெஷினும் என் தலையில் விழுந்தது. ஆறு வருஷம் ஆகிறது. பேட்டர்ன் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் அக்கா, கட்டிங், பேக்கிங் எல்லாரும் விண்டோஸிலிருந்து சாம்பா (லினக்ஸ் போல்டரை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) வழியாக வருவார்கள். நானும் கணக்குப் பிரிவும் நேராக அந்த மெஷினிலேயே உட்காருவோம்.

முதல் வருஷம் முழுக்க ஒரே புகார்தான். "ஏனுங்க தம்பி, பைல் தொறக்குது, ஆனா சேவ் ஆக மாட்டேங்குது." ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எரிச்சலில், மொத்த ஷேர் போல்டருக்கும், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், என்று உள்ளே வரைக்கும் பாய்கிற மாதிரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். கணக்குப் பிரிவின் போல்டரும் அதே ஷேருக்குள்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. யாரோ பீஸ் ரேட் ஷீட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் அயர்ன் மாஸ்டருக்குப் பக்கத்து டேபிள்காரரின் ரேட் தெரிந்துபோய், ஓனர் ரூமில் ஒரு மணி நேரம் பஞ்சாயத்து. 777 என்றால் வாசல், பீரோ, மேஜை டிராயர் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டுச் சாவியைத் தெருவில் வீசுவது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. போதாக்குறைக்கு, சாதாரண டெக்ஸ்ட் பைலைத் தொட்டாலும் "ஓட்டட்டுமா, காட்டட்டுமா" என்று கேட்க ஆரம்பித்தது, ஏனென்றால் அந்த ஏழில் ஒன்று புரோகிராமாக ஓட்டுவதற்கான அனுமதி (படிக்க 4, எழுத 2, ஓட்ட 1; மூன்று இலக்கமும் வரிசையாக ஓனருக்கு, குரூப்புக்கு, மற்றவர்களுக்கு).

அதற்கப்புறம் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்துச் செய்தது இதுதான். யார் ஓனர் என்பதைவிட எந்தக் குரூப் என்பதுதான் முக்கியம். டிசைன், கணக்கு என்று இரண்டு குரூப். டிசைன் போல்டருக்கு 2775, கணக்குக்கு 2770. முன்னால் இருக்கும் அந்த 2 தான் செட்ஜிஐடி: அந்த போல்டருக்குள் யார் புது பைல் போட்டாலும் அது போட்டவருடைய குரூப்புக்குப் போகாமல் போல்டரின் குரூப்புக்கே போகும். ஆனால் குரூப் சரியாக இருந்து மட்டும் ஆகப்போவதில்லை, அந்தக் குரூப்புக்கு எழுதும் உரிமையும் வேண்டுமே. எங்கள் மெஷினில் யூமாஸ்க் (புது பைலிலிருந்து எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற அமைப்பு) 022 என்று இருந்ததை 002 ஆக்கினேன். அப்படியும் விண்டோஸ்காரர்களுக்குச் சரியாகவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது, சாம்பா தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதன் கிரியேட் மாஸ்க் (புது பைலுக்கு எந்த அனுமதிகள் வரைக்கும் விடுவது என்ற அமைப்பு) சும்மா விட்டால் 0744, அதில் குரூப்புக்கு எழுத இடமே இல்லை. அதை 0664 என்றும், போல்டர்களுக்கான டைரக்டரி மாஸ்க்கை 2775 என்றும் மாற்றிய அன்றைக்குத்தான் புகார் நின்றது. கணக்கு போல்டரை மேலே 2770 பூட்டியே வைத்திருப்பதால், உள்ளே என்ன அனுமதி விழுந்தாலும் வெளியாள் நுழைய முடியாது.

நின்றது என்றால் பெரும்பாலும் நின்றது. என் ஹோம் போல்டரிலிருந்து ஒரு பைலை ஷேருக்கு நகர்த்தினால் அது பழைய குரூப்பையும் பழைய அனுமதியையும் அப்படியே சுமந்துகொண்டு வருகிறது, காப்பி செய்தால்தான் புதுசாக எழுதப்பட்டு போல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் கணக்குப் பிரிவு நகர்த்தத்தான் செய்யும், நானும் அப்படித்தான். அதனால் தினம் ராத்திரி ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடி குரூப்பையும் அனுமதியையும் சரிசெய்கிறது. அதிலுள்ள சிஎச்மாட்டில் ஓட்டும் அனுமதிக்குப் பெரிய எக்ஸ் (X) போடுங்கள், சின்ன எக்ஸ் (x) போட்டால் எல்லா பைலும் மறுபடி ஓடும் பைலாகிவிடும். பெரிய எக்ஸ் போல்டர்களுக்கும் (அங்கே அது உள்ளே நுழையும் அனுமதி) ஏற்கெனவே ஓடும் பைல்களுக்கும் மட்டும்தான் கொடுக்கும்.

ஆள் வேலையை விட்டுப் போகும் விஷயத்திலும் அடிபட்டிருக்கிறேன். கடைசியாகச் சேர்ந்த பையன் நின்றுவிட்டான், மெஷினில் அவன் யூசர் கணக்கை அழித்தேன், அவன் பைல்கள் பெயருக்குப் பதில் 1004 என்ற நம்பரோடு நின்றன. அடுத்து சேர்ந்த பெண்ணுக்கு சிஸ்டம் அதே 1004ஐக் கொடுத்தது, அந்தப் பொண்ணு வந்த முதல் நாளே பழைய பையனின் அத்தனை பைலுக்கும் ஓனர். இப்போது யாரையும் அழிப்பதில்லை, பூட்டி மட்டும் வைக்கிறேன். சாம்பாவின் பாஸ்வேர்டு தனி என்பதால் அதையும் தனியாக முடக்க வேண்டும். இன்னொன்று, ஒருவரைக் குரூப்பில் சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில் ஏ-வை (கூடுதலாகச் சேர் என்று சொல்லும் -a) விட்டுவிட்டால் சேர்ப்பதற்குப் பதில் மற்ற குரூப்களிலிருந்தெல்லாம் தூக்கிவிடும். நான் என்னையே சூடோவிலிருந்து (நிர்வாகி அதிகாரம் தரும் குரூப்) தூக்கிக்கொண்டு, ரெகவரி மோடில் போய்த்தான் மீண்டு வந்தேன்.

இன்னும் தீராதது அழிப்பு. பைலைப் படிக்க மட்டும் என்று வைத்தாலும் போல்டரில் எழுத முடிந்தவர் அதை அழித்துவிடலாம். போல்டர் என்பது உண்மையில் பெயர்ப் பட்டியல், அழிப்பது என்றால் பட்டியலில் ஒரு பெயரை அடிப்பது, பேனா யார் கையில் என்பதுதான் கேள்வி. அடுத்தவர் பைலை அழிக்க விடாத ஸ்டிக்கி பிட்டை (மதிப்பு 1) முன்னால் இருக்கும் 2-உடன் சேர்த்து 3775 போட்டுப் பார்த்தேன். போட்டவரும் போல்டரின் ஓனரும் தவிர யாரும் அழிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் சில மென்பொருள்கள் சேவ் செய்யும்போது தற்காலிக பைல் ஒன்றை எழுதிப் பழையதன் மேல் பெயர் மாற்றும், அதுவும் அழிப்புக் கணக்கில் வந்து, மறுபடி அதே "சேவ் ஆக மாட்டேங்குது". எடுத்துவிட்டேன். இப்போது சாம்பாவின் ரீசைக்கிள் வசதியைப் போட்டிருக்கிறேன், விண்டோஸ் வழியாக அழிக்கப்படுவது ஒரு மறைவான போல்டருக்குப் போகும். மாசத்துக்கு இரண்டு தடவையாவது பேட்டர்ன் மாஸ்டர் டீ கிளாஸோடு வந்து நிற்பார், "தம்பி, அந்தக் குப்பைத்தொட்டியக் கொஞ்சம் கிளறிப் பாருங்க."