கோத்தகிரி டீக்கடையில் வாங்கிய புத்தகம்

கோத்தகிரியில் ஒரு டீக்கடை. வர்க்கி டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தது, எழுதியவரே அச்சிட்ட இந்தப் புத்தகம். 112 பக்கம், 150 ரூபாய். அட்டையில் குறிஞ்சிப் பூ. அதற்காக நான் வாங்கவில்லை.

நடுவில் பிரித்தேன். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியில் ஏறும் கறை, எத்தனை சோப்பு போட்டும் போகாதது, அதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். என் அம்மாவின் விரல்கள்! ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும்; அந்தக் கணக்கைக் கூடைச் சுமையாகவே எழுதியிருக்கிறார்.

"நின்னு படிங்கண்ணா, அவசரமில்ல" என்றார் கடைக்காரர். ஆறு பக்கம் முடிந்ததும் பணத்தை நீட்டினேன்.

ஒற்றுப்பிழைகள் நிறைய. கடைசி அத்தியாயம் இழுவை. ஆனாலும் தங்கைக்கு இன்னொரு பிரதி வாங்கிவிட்டேன்.