காவல் கொட்டிலுக்கு ஒரு ரேடியோ: பெட்டி நல்லது, பாட்டுத்தான் நித்திரை

இந்தக் காலபோகத்தில், அதாவது மாரி மழை நெற்செய்கையில், எங்கள் வயலின் இரவுக் காவல் என் தலையில் விழுந்தது. போன வருடம் வரை சித்தப்பா பார்த்தார், கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பனிக்குள் போகவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வன்னியில் துணுக்காய்ப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பன்றி வரும், அது போதாதென்று யானையும் வரும், கொட்டிலில் இருக்கிறவன் கண் அயர்ந்தால் விடிய எழும்பிப் பார்க்கும்போது வரம்பு மட்டும்தான் மிச்சம். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சாமான். இரவு பத்திலிருந்து விடிய ஐந்து மட்டும் என்னை முழிக்க வைக்கிற ஒரு ரேடியோ. கிளிநொச்சியில் ஒரு கடையில் 4,600 ரூபாவுக்கு வாங்கினேன். மூன்று மாதம் பாவித்தாயிற்று, வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதுதான் எழுதுகிறேன்.

சீனச் சாமான். பெட்டியில் ஒரு பெயர், ரேடியோவின் முதுகில் வேறு பெயர், அதனால் பெயரைத் தேடி அலையாதீர்கள். செங்கல்லை நீளவாட்டில் பிளந்த அளவு. எஃப்எம், மத்திய அலை, சிற்றலை மூன்றும் எடுக்கும், ப்ளூடூத் உண்டு, பென்டிரைவும் மெமரி காட்டும் போடலாம், பக்கத்தில் டோர்ச், மேலே உள்ளங்கை அளவு சோலார் தகடு. சோலாரை மறந்துவிடுங்கள். நாள் முழுக்க வெயிலில் வைத்தால் அரை மணித்தியாலம் பாடும், பிளாஸ்டிக் உருகுகிற மணம் வரும், அவ்வளவுதான். கடைக்காரர் அதைத்தான் பெரிதாகக் காட்டி விற்றார். ஆனால் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது பழைய நோக்கியா போனில் இருந்த அதே பிஎல்-5சி பற்றரி, போன் திருத்துகிற எந்தக் கடையிலும் கிடைக்கும், நான் மேலதிகமாக ஒன்று வாங்கிக் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஒரு பற்றரி நடுத்தரச் சத்தத்தில் ஐந்தரை, ஆறு மணித்தியாலம் போகிறது. ஒன்று முடிய மற்றதைப் போட்டால் விடிந்துவிடும்.

என்ன இவன் பற்றரியைப் பற்றியே எழுதுகிறான் என்று நினைப்பவர் தொண்ணூறுகளில் வன்னியில் இருந்திருக்க மாட்டார். அப்போது போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து, பிறகு பல்லால் கடித்து நசுக்கி, இன்னும் ஒரு பாட்டுக்காவது உயிர் வருமா என்று பார்த்த காலம் அது. அதுவும் சரிவராவிட்டால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். அண்ணா சுற்றுவார், நான் ஏரியலைப் பிடிப்பேன். அவருக்குக் கை உளைந்தால் பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கும், அம்மா அடுப்படியிலிருந்து "சுத்தடா தம்பி" என்று கத்துவார். மெதுவான சோகப் பாட்டு என்றால் அண்ணா பாதியில் விட்டுவிடுவார். கை சுற்றுவதற்கும் ஒரு தாளம் வேண்டும் என்பார். அந்த வயதில் பகிடி என்றுதான் நினைத்தேன்.

சரி, நிலையங்களை இழுத்து எடுக்கிறது எப்படி. நல்லது. கொக்காவில் கோபுரம் எங்களுக்குக் கிட்ட, 2011 இல் திறந்த 174 மீற்றர் கோபுரம், அதனால் ஏரியலைப் பாதி இழுத்தாலே கொழும்புத் தமிழ் எஃப்எம்கள் சுத்தமாக விழுகின்றன. சில விடியப்புறங்களில் கடல் தாண்டி இந்தியப் பண்பலை ஒன்றும் எட்டிப் பார்க்கும், வெயில் ஏற ஓடிவிடும். ஒலிபெருக்கிதான் சின்னது. உச்சக் குரல் கீச்சிடும், அடிச்சத்தம் இல்லவே இல்லை. அதற்கு நான் கண்ட வழி, ரேடியோவை வெறும் மண்பானைக்குள் படுக்க வைப்பது. பானை வாயை எங்கள் பக்கம் திருப்பினால் மேளம் மேளம் மாதிரியே கேட்கும், கடையில் விற்கிற பேஸ் பெட்டி தேவையில்லை. ஆனால் தண்ணீர் இருக்கிற பானையைத் தெரியாமல் எடுத்துவிடாதீர்கள், சித்தப்பா ஒருநாள் எடுத்தார்.

இனித்தான் பிரச்சினை. இரவு பத்துக்குப் பிறகு எந்த எஃப்எம்மைத் திருப்பினாலும் தாலாட்டு. அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தி, ஏதோ தலையணைக்குள் வாயை வைத்துக் கதைப்பது போல ஒரு கவிதை சொல்வார், பிறகு புல்லாங்குழல், பிறகு மெல்லிசை, நேயர் ஒருவர் தொலைபேசியில் பெருமூச்சு விடுவார், திரும்பவும் புல்லாங்குழல். முதல் கிழமை இரண்டு தரம் நித்திரையாகிவிட்டேன். இரண்டாவது தரம் பன்றி வந்து போயிருந்தது, கொட்டிலிலிருந்து முப்பது அடியில், ரேடியோ பாடிக்கொண்டிருக்க. மெலடிக்கு அதுவும் பழகிவிட்டது போல. பகலில் திருப்பினால் மறுபக்கம், இருபது வயதுப் பிள்ளைகளுக்கான புதுக் குத்து, அதே பத்துப் பாட்டு, ஒரு மணித்தியாலத்தில் இரண்டு தரம். எனக்கு வயது நாற்பத்தைந்து. எனக்குத் தெரிந்த பாட்டு வேண்டும், அதே நேரம் காலைத் தட்ட வைக்கிற பாட்டாகவும் இருக்க வேண்டும். இது பெரிய ஆசையா?

இந்த ஆசைக்கென்றே ஒரு வானொலி வகை அமெரிக்காவில் இருந்தது, பெயர்தான் வாய்க்குள் நுழையாது, ரிதமிக் அடல்ட் கன்டெம்பரரி. தாளக்கட்டு உள்ள பாட்டு, ஆனால் வளர்ந்தவர்களுக்கு. டிஸ்கோ, ஃபங்க், எண்பதுகளின் டான்ஸ், கொஞ்சம் ஆர் அண்ட் பி, அவ்வளவாகக் கெட்டவார்த்தை இல்லாத பழைய ஹிப்ஹொப். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நியூயோர்க்கில் இரவு டாக்ஸி ஓடிய மச்சான் ஒருவர், போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2003 இல், எங்களைப் பார்க்க வந்தபோது மூன்று கசட் கொண்டுவந்தார். அங்கே கேடியூ என்று ஒரு நிலையம், டபிள்யூகேடியூ, 103.5. அதிலிருந்து அப்படியே பதிந்தது, நடுவில் விளம்பரம், போக்குவரத்து நெரிசல் அறிவித்தல் எல்லாம் சேர்த்து. "இது இல்லாட்டி விடியமட்டும் ஸ்டியரிங்கில தலையை வைச்சிடுவன்" என்றார். பாட்டில் ஒரு வரி விளங்கவில்லை. ஆனால் ஒரு பாட்டின் தாளம் முடியாமலே அடுத்தது அதே நடையில் தொடங்கும், எங்கே ஒட்டினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது, அதை நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தக் கசட்டுகள் 2009 இல் போரில் வீட்டோடு போயின.

அந்த நிலையத்தின் கதையே ஒரு நல்ல கதை. 1978 இல் நியூயோர்க்கில் 92.3 இல் மெல்லிய பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த நிலையம் ஒரே நாளில் டிஸ்கோவுக்கு மாறி, சில மாதத்தில் நகரத்திலேயே முதலிடத்துக்குப் போனது. பிறகு டிஸ்கோ மோகம் அடங்கியது, 1985 இல் அந்த அலைவரிசை ரொக் நிலையமாகிவிட்டது. பதினொரு வருடம் கழித்து, 1996 பெப்ரவரியில், 103.5 இல் இருந்த கன்ட்ரி இசை நிலையத்தை மூடி அதே பெயரைத் திரும்ப எடுத்து வந்தார்கள், திரும்பவும் முதலிடம். 1978 இல் ஆடிய பிள்ளைகள் அப்போது வேலைக்குப் போகிற தாய் தகப்பன். அவர்களைத் தாலாட்டாமல் ஆட வைத்தால் கேட்பார்கள் என்று யாரோ ஒருவருக்கு விளங்கியிருக்கிறது.

பிறகு இந்த வானொலி வகையே தேயத் தொடங்கியது. 2006 இல் மூவின் என்ற பெயரில் இதே வகையை ஊர் ஊராகத் தொடங்கினார்கள், சியாட்டிலில் 92.5, லொஸ் ஏஞ்சல்ஸில் 93.9. லொஸ் ஏஞ்சல்ஸ் நிலையம் 2009 இல் ஸ்பானிய மொழி நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது, சியாட்டில் நிலையம் பெயரை வைத்துக்கொண்டு புதுப் பாட்டுக்கு மாறியது. 2015 இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ஹொட் 92.3 பழைய ஆர் அண்ட் பியை விட்டுவிட்டு இளசுகளின் ஹிப்ஹொப்புக்கு ஓடியது. கேடியூ பெயர் இன்னும் 103.5 இல் இருக்கிறது, ஆனால் மச்சான் இப்போது காரில் போனைத்தான் கொளுவுகிறார். டொராண்டோவில் இருக்கிற மாமாவின் மகனிடம் கேட்டேன், அங்கே 93.5 இல் 2001 இல் ஃப்ளோ என்று தொடங்கியது 2016 இல் தி மூவ் என்று இந்தப் பக்கம் வந்து பார்த்தது, அந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஸ்ட்ரீமிங் என்பார்கள். அது உண்மை, ஆனால் பாதி. ஸ்ட்ரீமிங் எல்லா வானொலியையும்தான் தின்றது, இந்த வகை மட்டும் ஏன் முதலில் விழுந்தது? எனக்குப் படுவது, இதற்கென்று சொந்தமாக ஒரு பாட்டும் இல்லை. 2009, 2010 அளவில் சாதாரண பொப் பாட்டே டான்ஸ் தாளத்துக்கு மாறிவிட்டது, பக்கத்து நிலையங்கள் எல்லாம் அதையே போட்டன. 2014 இல் ஹூஸ்டனில் ஒரு நிலையம் பழைய ஹிப்ஹொப் மட்டும் போடத் தொடங்க, அது காட்டுத்தீ மாதிரிப் பரவி அந்தப் பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. டிஸ்கோவைப் பழைய பாட்டு நிலையங்கள் எடுத்துக்கொண்டன. நடுவில் நின்றவனுக்கு மிஞ்சியது வரம்பு. அதோடு 2007 இலிருந்து அங்கே கேட்பவர் கணக்கை எடுக்கிற முறையும் மாறியது, முன்பு ஆட்கள் என்ன கேட்டோம் என்று கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள், அதற்குப் பதிலாக இடுப்பில் கொளுவுகிற ஒரு சின்னக் கருவி, காதில் விழுவதை அதுவே பதியும். கொப்பியில் மனிதர் தமக்குப் பிடித்த நிலையத்தை எழுதுவார். கருவிக்குப் பிடிப்பு என்று ஒன்று இல்லை, கடையில் ஓடிக்கொண்டிருந்ததையும் எழுதும்.

எங்களுக்கும் இந்த நடு இருந்தது. கொழும்பு வானொலி காலத்தில் துள்ளிசை என்றே தனி நேரம் ஒதுக்கினார்கள், எங்கள் ஆட்கள் பாடிய பொப் பாட்டுகள், பைலா என்கிற சிங்கள ஆட்டப் பாட்டின் சாயல் உள்ளவை, கலியாண வீட்டில் கிழவனும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றுகிற பாட்டுகள். இடைக்காலப் பாடல்கள் என்று இன்றும் நிகழ்ச்சி இருக்கிறது, ஆனால் இடைக்காலம் என்றால் அழுகை என்று முடிவெடுத்துவிட்டார்கள் போல. எண்பதுகளில் தபேலாவும் ட்ரம்ஸும் சேர்ந்து ஓடுகிற எத்தனை பாட்டு, தொண்ணூறுகளில் எத்தனை கானா, ஒன்றும் இரவில் வராது. ஒருநாள் நிலையம் ஒன்றுக்கு அழைத்துக் கேட்டேன். அறிவிப்பாளர் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார், "அண்ணா, இந்த நேரம் எல்லாரும் படுக்கிற நேரம்தானே." நான் வயலுக்குள் நிற்கிறேன் தம்பி, கடற்கரையில் வலையோடு ஆள் நிற்குது, ஏ9 இல் லொறி ஓடுது, ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்மார் முழிப்பு என்றேன். சிரித்தார். பிறகு ஒரு புல்லாங்குழல் பாட்டைப் போட்டு எனக்கே சமர்ப்பணம் என்றார்.

ப்ளூடூத் இருக்கிறதே, இணையத்தில் கேட்கலாமே என்பீர்கள். அமெரிக்க நிலையத்தின் செயலி உங்கள் நாட்டில் இது இல்லை என்று கதவைச் சாத்தியது. வேறு இணைய வானொலிகள் வந்தன, ஆனால் கொட்டிலில் சிக்னல் ஒரு கோடு, பாலை மரத்துக் கிளையில் போனைக் கட்டினால் இரண்டு கோடு, டேட்டாவும் போய்ப் பாட்டும் விக்கும். கடைசியில் ஒரு பென்டிரைவில் நானே 210 பாட்டுப் போட்டேன், துள்ளிசை, தபேலா, கானா, மச்சானிடம் கேட்டு வாங்கிய டிஸ்கோ கொஞ்சம். முழிப்புக்கு அது வேலை செய்கிறது. பிறகு ஒரு பன்றியும் கிட்ட வரவில்லை, அது டிஸ்கோவாலா யானைவெடியாலா என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலாவது இரவிலேயே அடுத்த பாட்டு என்னவென்று தெரிந்துவிடுகிறது. ரேடியோ என்றால் யாரோ ஒருவர் எங்கேயோ நானும் முழித்துத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாமா, பென்டிரைவில் அந்த ஆள் இல்லை.

ஆக, 4,600 ரூபாவுக்குப் பெட்டி பெறும். காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா பறித்துக்கொள்வார், மரண அறிவித்தல் கேட்க, அதற்கு எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருக்கிறதாம். வாங்குகிறவர்கள் கடையிலேயே சத்தத் திருகியை நாலைந்து தரம் திருப்பிப் பாருங்கள், முதல் தந்ததில் கரகரத்தது, கேட்டதும் மாற்றித் தந்தார்கள். ஏரியலை மடக்காமல் பையில் போடாதீர்கள், என்னுடையது மூன்றாம் கிழமையே அடியோடு முறிந்தது, இப்போது குடைக் கம்பி ஒன்றைச் செருகியிருக்கிறேன், அதுதான் இன்னும் நன்றாக இழுக்கிறது.