கால் கூடிவிட்டது, தைக்க முடியவில்லை: திருப்பூரில் ஒரு பிசியோதெரபி சென்டர்

பெருமாநல்லூர் ரோட்டில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்த சென்டர். பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே இருக்கிற பிசியோதெரபிஸ்ட் மேடமே சொல்லிவிட்டார். சாயங்காலக் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம், விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் வந்தால் போதும் என்கிறார். அதனால் பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன். பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, வண்டியில் அடிபட்டு, "எப்போ திரும்ப வேலைக்குப் போவோம்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சிங்கர் டெய்லர், அதாவது ஒற்றை ஊசித் தையல் மிஷினில் தைக்கிறவள். 2023-இல் காலை ஷிப்டுக்கு ஸ்கூட்டியில் போகும்போது சரக்கு ஆட்டோ ஒன்று குறுக்கே திரும்பி, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன. உள்ளே ராடு வைத்தார்கள். 2021 டிசம்பரில் கொண்டுவந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அப்போது ரூ.1 லட்சம் வரை அரசே கட்டியது. ஆபரேஷன் அதற்குள் முடிந்துவிட்டது. அந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எலும்பு கூடிய பிறகுதான் பிரச்சினையே. நடக்கிறேன், படி ஏறுகிறேன், மிஷினில் உட்கார்ந்தால் தைக்க முடியவில்லை.

சிங்கரில் உட்காராதவர்களுக்கு இது புரியாது. பெடலை விரல் பக்கம் அழுத்தினால் மிஷின் ஓடும். குதிகால் பக்கம் அழுத்தினால் நூல் வெட்டும். மேஜைக்கு அடியில் வலது முட்டி பக்கத்தில் ஒரு லிவர் இருக்கும், அதை முட்டியால் ஓரமாகத் தள்ளினால் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட் தூக்கும். ஒவ்வொரு பீஸுக்கும் இந்த மூன்றும் நடக்க வேண்டும், எல்லாம் ஒரே வலது காலில். என் கணுக்கால் முன்னால் சாயும், பாதத்தை மேலே தூக்கிக் குதிகாலை அழுத்தத்தான் வராது. தையல் ஓடும், நூல் வெட்டாது. கத்திரியால் வெட்டிக்கொண்டு உட்கார்ந்தால் லைனே நம்மால் நின்றுவிடும்.

இதற்கு முன்னால் வீட்டுப் பக்கத்திலேயே வேறோர் இடத்துக்குப் போனேன். அங்கே கரண்ட் வைப்பார்கள், சூடு வைப்பார்கள், ரெண்டு தடவை காலை ஆட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வலி குறைந்தது உண்மைதான். ஆனால் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. "நல்லா நடக்கறீங்களே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

இந்த மேடம் முதல் நாளே கேட்டது, "என்ன வேலைங்க்கா பாக்கறீங்க?" சிங்கர் என்றேன். அவருக்கும் மிஷின் பற்றி முழுசாகத் தெரியவில்லை. அதை மறைக்காமல், "உங்க கம்பெனில யாரையாவது பெடல்ல கால் வச்சு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க்கா" என்றார். என்னோடு கைமடியாக (உதவியாளாக) இருந்த பெண் இப்போது என் மிஷினில் உட்கார்கிறாள் (வருத்தமில்லை, நல்லாத்தான் தைக்கிறாள்). அவள் எடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் போனால், பழைய மிஷின் சாமான் கடையிலிருந்து ஒரு பெடல் தட்டு வாங்கி, பலகையில் ஸ்க்ரூ போட்டு, குதிகால் பக்கம் ரப்பர் பேண்ட் கட்டி வைத்திருந்தார். பேண்ட் கலருக்குக் கலர் இழுப்பு மாறும். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பு, பச்சை என்று ஏற்றிக்கொண்டே போனார். நாற்காலி உயரத்தையும் எங்கள் கம்பெனி ஸ்டூல் அளவுக்கு வைத்துக்கொண்டார். காலைத் தொங்கப்போட்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்குகிறதா என்று டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவார். இந்தப் பெடலுக்காகவே நான் ஐந்துக்கு நாலரை ஸ்டார் கொடுப்பேன்.

இன்னொரு விஷயமும் அங்கே சரியாகச் செய்தார்கள். கம்பெனியில் என்னைத் திரும்ப எடுப்பதாகச் சொல்லி, "லேசான வேலைதான், செக்கிங்ல நில்லுங்க" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்க வேண்டும், ராடு வைத்த காலுக்கு அது சிங்கரைவிடக் கஷ்டம். மேடம் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்: நின்று பார்க்கும் வேலை வேண்டாம், உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க விட வேண்டும், ஓவர்டைம் இப்போதைக்குக் கிடையாது. தமிழிலேயே எழுதியிருந்தார். புரடக்ஷன் மேனேஜர் ரெண்டு தடவை படித்துவிட்டு லேபிள் வைக்கிற மிஷினைக் கொடுத்தார். சின்னத் தையல், அவசரம் இல்லை. பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி) இருந்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று நானே பேசி, கொஞ்ச நாளைக்கு ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றிக்கொண்டேன். இதைப் பேசாமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. வேலைக்குப் போகிற வழியில், திரும்பி வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் 2010-லிருந்து ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டில்) வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பதிவானால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வெறும் உடம்பு சரியில்லை என்று பதிவானால் 70 சதவீதம்தான், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். எங்கள் ஆபீசில் முதலில் விபத்து ரிப்போர்ட்டே போடவில்லை, கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்புறம், அரை நாள் போய்ப் பழகலாம் என்று மேடம் சொன்னது உடம்புக்குச் சரி, ஆனால் ஈ.எஸ்.ஐ. கணக்கில் அது ஒத்துவராது. சம்பளம் வாங்கி வேலை செய்த நாளுக்கு அந்தப் பணம் வராது. ஒன்று லீவு, இல்லையென்றால் வேலை, நடுவில் வழியே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப நினைக்கிற ஆளுக்கு இது பெரிய இடைஞ்சல். மேடம் கையில் இல்லாத விஷயம்தான், ஆனாலும் அவர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நாள் குறித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். கால் உடைந்தவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறார்கள், லிஃப்ட் இல்லை. வாக்கரோடு வந்த ஒரு பெரியவரை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்தேன். கேட்டால், "கீழ் கடைக்கு வாடகை கட்டுபடி ஆகலைங்க்கா" என்கிறார். நியாயம்தான், ஆனால் ஏறுகிறவருக்கு அதில் என்ன ஆறுதல்? பெண்களுக்குத் தனி அறை இல்லை, திரைதான். பில் முதலில் துண்டுச் சீட்டில் கொடுத்தார்கள். ஆக்சிடென்ட் கேஸ் நடக்கிறது, அட்வகேட் கேட்கிறார் என்று சொன்ன பிறகுதான் தேதி, சீல் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேஸ் என்றதும் இன்னொன்று. கால் எத்தனை சதவீதம் போச்சு என்பதும் சம்பாத்தியம் எத்தனை சதவீதம் போச்சு என்பதும் ஒன்றில்லை, அவரவர் தொழிலைப் பார்க்க வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஒரே மாதிரி கை போனாலும் டிரைவருக்கும் ஆபீஸ் கிளார்க்குக்கும் நஷ்டம் வேறு. அதனால் மேடம் நோட்டில் எழுதிய அளவுகளையும், பெடல் பயிற்சிக் குறிப்பையும் காப்பி எடுத்து அட்வகேட்டிடம் கொடுத்தேன். உபயோகமான பேப்பர் என்றார்.

எல்லாருக்கும் இந்த இடம் சரிவராது. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவர்களை மேடமே எடுப்பதில்லை, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போகச் சொல்கிறார். அதை 1966-இல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954-இல் சாலை விபத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செய்தவர். தங்கிச் சிகிச்சை எடுக்க வேண்டிய ஆட்கள் அங்கே போவதுதான் நல்லது, இங்கே வந்து நாளைக் கடத்த வேண்டாம்.

கட்டணம் ஒரு தடவைக்கு ரூ.300, கரண்ட் வைத்தால் தனி. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்திருக்கிறார்கள், கம்பெனி ஆட்களுக்கு அது வசதி. வார நாளில் ஏழு மணிக்கு மேல் போனால் காத்திருந்தே ஆக வேண்டும். ஓவர்லாக், பேட்லாக் என்று வேறு மிஷின்களில் தைக்கிற ஆட்களும் பெடல் பயிற்சி கேட்டு வருகிறார்கள், ஆனால் பலகை ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.